அரசு அழைத்தால் டிக்கெட் செலவு யாருடையது?

முதலில் ஒரு வேண்டுகோள். அழைத்தது மத்திய அரசா, மாநில அரசா, நீதிமன்றமா என்று எழுதாமல் 'எனக்குப் பணம் வருமா' என்று மட்டும் கேட்காதீர்கள். இம்மாதம் வந்த கடிதங்களில் பாதி அப்படித்தான் இருக்கின்றன.

கே: மத்திய அரசுக் குழு ஒன்றில் அலுவல்சாரா (அரசு ஊழியர் அல்லாத) உறுப்பினர் நான். டெல்லிக் கூட்டத்துக்குக் கைபேசிச் செயலியில் மலிவாக விமான டிக்கெட் எடுத்தேன். பயணச் செலவுப் பட்டியலை (பில்லை) திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

ப: திருப்பாமல் என்ன செய்வார்கள்? மத்திய அரசு செலவில் பறப்பவர் பாமர் லாரி, அசோக் டிராவல்ஸ், ஐஆர்சிடிசி ஆகிய மூன்று டிக்கெட் முகவர் நிறுவனங்களில் ஒன்றில்தான் டிக்கெட் எடுக்க வேண்டும். ஏர் இந்தியாவில்தான் போக வேண்டும் என்ற கட்டாயம் 2021-இல் போய்விட்டது. டிக்கெட்டை எங்கே வாங்குவது என்ற கட்டாயம் போகவில்லை. தளர்வு கேட்டு எழுதிப் பாருங்கள். அடுத்த முறை கிளம்பும் முன்பே எழுத்தில் வாங்குங்கள்.

கே: மனைவியையும் அழைத்துச் சென்றேன். அவர் டிக்கெட்?

ப: உங்கள் பை.

கே: கிரிமினல் வழக்கில் சாட்சி சொல்ல 200 கிலோமீட்டர் போய்வந்தேன். யாரும் எதுவும் தரவில்லை.

ப: கேட்டீர்களா? புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ்ஸின் 350-ஆவது பிரிவில் (பழைய சட்டத்தில் 312) நியாயமான செலவை அரசு தரும்படி நீதிமன்றம் உத்தரவிடலாம். 'லாம்' என்பதைக் கவனியுங்கள், அது நீதிபதியின் விருப்பம். பஸ் டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு சாட்சியம் முடிந்த அன்றே கேளுங்கள். சிவில் வழக்கென்றால் அரசை மறந்துவிடுங்கள். உங்களைச் சாட்சியாக அழைத்தவர்தான் பேட்டா கட்ட வேண்டும்.

கே: வன்கொடுமை வழக்கில் பாதிக்கப்பட்ட அம்மாவுக்குத் துணையாகப் போனேன். எனக்கும் உண்டா?

ப: உண்டு. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமையைத் தடுக்கும் 1995 விதிகளில் 11-ஆவது விதியைப் படியுங்கள். பாதிக்கப்பட்ட பெண்ணுடன் வரும் துணையாளுக்கும் அதே படிதான். உடனடியாக, அதிகம் போனால் 3 நாளில் தர வேண்டும். மாவட்ட ஆட்சியருக்கு எழுதுங்கள், ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள்.

கே: காலையில் அமைச்சகக் கூட்டம், மாலையில் அதே ஊரில் ஒரு பல்கலைக்கழகத் தேர்வுக் குழு. இரண்டு இடத்திலும் பயணப்படி வாங்கலாமா? நண்பர்கள் வாங்குகிறார்கள்.

ப: நண்பர்களை மாற்றுங்கள். போனது ஒரு பயணம், கொடுத்தது ஒரு கட்டணம். 'இப்பயணத்துக்கு வேறெங்கும் படி பெறவில்லை' என்று பட்டியலின் அடியில் கையெழுத்துப் போடுகிறீர்களே, அது அலங்காரத்துக்கு அச்சிட்டதல்ல. நான் கணக்குப் பிரிவில் இருந்தபோது ஒரு பட்டியலுடன் போர்டிங் பாஸின் நகல் வந்தது, அசலைக் கேட்டேன். அசல் வேறோர் அலுவலகக் கோப்பில் ஏற்கெனவே நூல் கோத்துக் கிடந்தது. உறுப்பினர் படித்தவர், மேடைகளில் ஊழல் ஒழிப்புப் பேசுபவர். ஐயாயிரம் சொச்சம் ரூபாய்க்காக வட்டியோடு திருப்பிக் கட்டினார். அதோடு முடியவில்லை. அந்தப் பட்டியலைப் பாஸ் செய்த எழுத்தர் இரண்டு ஆண்டுகள் தணிக்கை ஆட்சேபணைக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தார். எனக்கு ஆத்திரம் அந்த எழுத்தருக்காகத்தான். ஒரே ஒரு அலுவலகத்தில் முழுச் செலவையும் கேளுங்கள். மற்றதற்கு 'பயணப்படி வாங்கவில்லை' என்று ஒரு வரி எழுதிக் கொடுங்கள். கூட்டத்தில் உட்காருவதற்குத் தரும் அமர்வுக் கட்டணம் வேறு, பயணப்படி வேறு என்பதையும் குழப்பாதீர்கள்.

கே: யூபிஎஸ்சி நேர்முகத் தேர்வுக்கு ஏசி வகுப்பில் போகலாமா?

ப: தாராளமாக. திரும்பக் கிடைப்பது இரண்டாம் வகுப்பு அல்லது ஸ்லீப்பர் கட்டணம் மட்டுமே.

கே: எவ்வளவு நாளுக்குள் பட்டியல் தர வேண்டும்?

ப: யார் பட்டியல்? எதற்கு? மறுபடியும் அதே குறை. மத்திய அரசு ஊழியரின் சுற்றுப்பயணப் பட்டியலுக்கு 2018 முதல் கெடு 60 நாள். நீங்கள் ஊழியர் இல்லையென்றாலும் அதையே உங்கள் கெடுவாக வைத்துக்கொள்ளுங்கள். அழைப்புக் கடிதத்தின் நகலை இணைக்க மறக்காதீர்கள். தொலைபேசியில் கூப்பிட்டார்கள் என்றால், கூப்பிட்டவரிடம் இன்றே எழுத்தில் வாங்குங்கள்.