சிறு பதிப்பு ஆர்பிஜிக்கு மலையகத்திலிருந்து எப்படித் துணை நிற்கலாம்?

கேள்வி: ஹட்டனுக்கு அருகிலுள்ள தோட்டமொன்றில் தொண்டர் ஆசிரியையாக இருக்கிறேன். நானும் நண்பர்கள் நால்வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் மேசை ஆர்பிஜி (ஆளுக்கொரு பாத்திரமாகிப் பேசிக் கதையை வளர்க்கும் விளையாட்டு) விளையாடுகிறோம். எங்களுக்கு மிகவும் பிடித்த ஒரு விளையாட்டு, தனி ஒருவர் எழுதித் தாமே வெளியிட்டது. அதை இம்முறை, மேசை ஆர்பிஜிகளுக்கு ஆண்டுதோறும் தரப்படும் எனி (ENNIE) விருதுக்கு அனுப்பப்போவதாக அவர் அறிவித்திருக்கிறார். இலங்கையிலிருந்து நாங்கள் வாக்களிக்கலாமா? எங்கள் இளைஞர் கழகத்தில் உள்ள அனைவரையும் வாக்களிக்கச் சொன்னால் அவருக்கு உதவியாக இருக்குமா? நாங்களே எழுதிய சிறு விளையாட்டொன்றும் கைவசம் இருக்கிறது. அதையும் அனுப்ப முடியுமா?

பதில்: தாராளமாக வாக்களிக்கலாம். எனி விருதின் பொது வாக்கெடுப்பு இணையவழியில் நடைபெறுவதால், எந்த நாட்டில் இருப்பவரும் கட்டணம் எதுவுமின்றிப் பங்கேற்க முடியும். வழமையாக ஜூலை மாதத்தில் சில நாட்களுக்கு மட்டுமே அது திறந்திருக்கும். முடிவுகள், ஜூலை இறுதியிலோ ஓகஸ்ட் தொடக்கத்திலோ அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் கூடும் ஜென் கான் என்ற மேசை விளையாட்டு மாநாட்டில் அறிவிக்கப்படும். ஆயினும் உங்களுக்குப் பிடித்த அந்த விளையாட்டு இன்னும் வாக்குச் சீட்டுக்கு வரவில்லை என்பதை மறக்க வேண்டாம். அனுப்புவதற்கும் வாக்குச் சீட்டில் இடம்பெறுவதற்கும் இடையே ஒரு கட்டம் இருக்கிறது; சிறு பதிப்பாளர்களின் கதி பெரும்பாலும் அங்கேதான் முடிவாகிறது.

2001 இல் தொடங்கப்பட்ட இந்த விருதுக்குப் படைப்புகளைப் பதிப்பாளர்களே அனுப்புகிறார்கள். வந்து சேர்பவற்றை ஐந்து நடுவர்கள் வாசித்து, விதிகள், எழுத்து, ஓவியம், வரைபடம், வடிவமைப்பு, சாகசம் என்று ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு குறும்பட்டியலைத் தயாரிக்கிறார்கள். பொதுமக்களின் வாக்கு அந்தப் பட்டியலுக்குள் எது தங்கம், எது வெள்ளி என்பதைத் தீர்மானிப்பதற்கு மட்டுமே பயன்படுகிறது. வாக்கெடுப்புக் கட்டத்தில் ஆயிரக்கணக்கான வாடிக்கையாளர்களைக் கொண்ட பெரிய நிறுவனத்தின் கை ஓங்குவது இயல்பு. நடுவர் கட்டத்திலோ, எத்தனை பிரதிகள் விற்றன என்பதைவிடப் பக்கங்களில் என்ன இருக்கிறது என்பதே முன்னால் நிற்கிறது.

அந்த ஐந்து நடுவர்களையும் பொதுமக்களே தேர்ந்தெடுக்கிறார்கள். அடுத்த ஆண்டுக்கான நடுவர் தேர்தல் விருது வாக்கெடுப்போடு சேர்த்தே நடத்தப்படுவது வழக்கம். தமக்குப் பிடித்த விளையாட்டுக்கு வாக்கை அளித்துவிட்டுப் பலர் இந்தப் பகுதியைத் திரும்பிப் பார்ப்பதே இல்லை. சிறு பதிப்புகள்மேல் உங்களுக்குள்ள அக்கறை உண்மையானால், உங்கள் வாக்குகளில் மிகப் பெறுமதியானது இதுவே. வேட்பாளர்கள் தம்மைப் பற்றி எழுதியிருப்பதை வாசியுங்கள். எவ்வகை விளையாட்டுகளை விளையாடுகிறார், பழக்கமில்லாத வடிவங்களைப் பொறுமையோடு அணுகுகிறாரா, வந்து குவியும் நூல்களை வாசித்து முடிக்க நேரம் உள்ளவரா என்பவற்றைப் பார்த்து முடிவெடுங்கள்.

நடுவர்களைத் தாண்டிவிட்டால் பிறகு பெரிய நிறுவனங்களிடம் தோற்பது நிச்சயம் என்று எண்ண வேண்டியதில்லை. 2020 இல் ஆண்டின் சிறந்த வெளியீட்டுக்கான தங்கத்தைப் பெற்ற ‘மொர்க் போர்க்’ சுவீடனின் ஒரு சிறு குழு உருவாக்கியது. அதே ஆண்டு சிறந்த விதிகளுக்கான தங்கத்தை வென்ற ‘தௌசண்ட் இயர் ஓல்ட் வாம்பயர்’, டிம் ஹட்சிங்ஸ் என்ற தனி ஒருவரின் படைப்பு. நூற்றாண்டுகளாக வாழும் ஓர் இரத்தக்காட்டேரி தன் நினைவுகளை ஒவ்வொன்றாக இழப்பதை, விளையாடுபவர் தனியே அமர்ந்து நாட்குறிப்பாக எழுதிச் செல்லும் விளையாட்டு அது. இவை இரண்டும் வாக்குச் சீட்டுக்கு வருவதற்கு முன்பாகவே, விளையாடியவர்களின் வாயிலாகப் பரவலாகப் பேசப்பட்டிருந்தன.

இளைஞர் கழகத்தைப் பற்றிக் கேட்டீர்கள். அந்த விளையாட்டைத் திறந்துகூடப் பார்க்காதவர்களை வாக்களிக்கச் சொல்ல வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. வாசகர்களின் வாக்கினால் தரப்படும் விருதுக்கு, வாக்களித்தவர் வாசித்திருக்கிறார் என்ற நம்பிக்கையைத் தவிர வேறு மதிப்பு எதுவும் இல்லை. அதைக் குலைத்துப் பெறும் தங்கம் அந்த விளையாட்டை எழுதியவருக்கும் பெருமை சேர்க்காது. நடைமுறைச் சிக்கலும் உண்டு. ஒரே இணைப்பிலிருந்து அடுத்தடுத்து வந்து விழும் வாக்குகளைச் சந்தேகத்தோடு பார்ப்பது இணைய வாக்கெடுப்புகளை நடத்துவோரின் வழக்கம் என்பதால், கழகத்தின் ஒரே கணினியிலிருந்து எல்லோரும் வாக்களித்தால் உங்கள் ஐவரின் நேர்மையான வாக்குகளும் சேர்ந்தே தள்ளப்படலாம். நீங்கள் ஐவரும் அவரவர் கைப்பேசியில், அவரவர் டேட்டாவில், தனித்தனியாக வாக்களியுங்கள். கழகத்து நண்பர்களுக்கு ஆர்வம் இருந்தால், அவர்களை முதலில் ஒரு ஞாயிறு விளையாட அழையுங்கள். விளையாடிப் பிடித்துப்போனவர் வாக்களிப்பதை யாரும் குறைசொல்ல முடியாது.

வாக்குச் சீட்டை நிரப்பும்போது ஒன்றைக் கவனியுங்கள். எனி விருதில் 1, 2, 3 என்று விருப்ப வரிசை இடும் முறை கையாளப்பட்டு வந்திருக்கிறது. இது நமக்குப் புதியதன்று. நம் ஜனாதிபதித் தேர்தல் சீட்டிலும் இதே வசதி இருக்கிறது, 2024 இல்தான் முதன்முறையாக இரண்டாம் விருப்பங்களை எண்ணும் நிலை வந்தது. அங்கே பலர் ஒரு புள்ளடியோடு நிறுத்திக்கொள்வதுபோல இங்கேயும் ஒரே ஓர் இலக்கத்தோடு நிறுத்திவிடாதீர்கள். உங்கள் முதல் தெரிவு பின்தங்கினால், அடுத்த சிறு பதிப்புக்கு நீங்கள் இட்ட இரண்டாம் இலக்கமே உங்கள் குரலாக இருக்கும். வாசிக்காத நூலுக்கு மட்டும் எந்த இலக்கமும் இட வேண்டாம்.

மற்றப் போட்டியாளர்களை வாசிக்கப் பணம் எங்கே என்று நீங்கள் கேட்கக்கூடும், நியாயமான கவலைதான். சிறந்த இலவச வெளியீட்டுக்கென்றே ஒரு பிரிவு இருப்பதால், அதிலுள்ள அனைத்தையும் செலவில்லாமல் வாசித்து முழு மனதோடு வாக்களிக்கலாம். மற்றப் பிரிவுகளில், பல பதிப்பாளர்கள் விதிகளின் சுருக்கப் பதிப்பை இலவசமாகத் தருகிறார்கள். விளையாட்டுகளை எழுதியவர்களே நேரடியாக விற்கும் இட்ச் (itch.io) இணையத்தளத்தில் பலர், வாங்க வசதியில்லாதவர்களுக்கென்று ‘கம்யூனிட்டி கொப்பி’ என்ற பெயரில் சில பிரதிகளை ஒதுக்கிவைக்கிறார்கள். அதை எடுத்துக்கொள்வதில் கூச்சப்பட எதுவுமில்லை, அது உங்களைப் போன்றவர்களுக்காகவே வைக்கப்பட்டது. சித்திரம் நிறைந்த பிடிஎஃப்கள் அளவில் பெரியவை என்பதால், சிக்னல் குறைந்த தோட்டங்களில் இருப்பவர்கள் நகரத்துக்கு வரும் நாளில் இறக்கிவைத்துக்கொள்வது நல்லது.

இனி, வாக்கைவிட அதிகம் உதவக்கூடிய காரியத்துக்கு வருகிறேன். நீங்கள் விளையாடிய அனுபவத்தை இப்போதே, ஜூலைக்குக் காத்திராமல், அந்த விளையாட்டு விற்கப்படும் பக்கத்தில் மதிப்புரையாக எழுதுங்கள். பெரிய நிறுவனத்தின் நூலுக்கு ஒரு மதிப்புரை கூடினாலும் குறைந்தாலும் ஒன்றுமில்லை. சிறு பதிப்பு பலவற்றின் பக்கத்தில் ஒரு வரிகூட இருப்பதில்லை. ‘அருமையான விளையாட்டு, எல்லோரும் வாங்குங்கள்’ என்று எழுதுவது வாசிப்பவருக்கு எதையும் சொல்லாது. இப்படி எழுதிப் பாருங்கள்: ‘நாங்கள் ஐந்து பேர், அவர்களில் மூவர் இதற்கு முன் ஆர்பிஜி விளையாடியதில்லை. பல பக்கப் பகடைகள் எங்கள் ஊரில் கிடைக்காததால், லூடோ பெட்டியிலிருந்த ஆறு பக்கப் பகடைகளோடு விளையாடினோம், அதற்கு விதிகள் இடங்கொடுத்தன. பாத்திரங்களை உருவாக்க அரை மணி நேரம் போனது. காயமடைந்தவர் எப்போது எழுந்து நடக்கலாம் என்ற விதி எங்களைக் குழப்பியது. ஆனால் கடன்பட்ட பாத்திரம் ஒவ்வொரு காட்சியிலும் அந்தக் கடனுக்குப் பதில் சொல்லியாக வேண்டும் என்ற விதி, மேசையில் இருந்த எல்லோரையும் பேசவைத்தது.’ குறையையும் சேர்த்துச் சொல்லும் இத்தகைய மதிப்புரையை வாங்க நினைப்பவர் நம்புவார், நடுவரும் பொருட்படுத்துவார். குழப்பிய விதியை ஆசிரியர் அடுத்த பதிப்பில் திருத்தவும் கூடும். ஆங்கிலம் தடுமாறினாலும் பரவாயில்லை, எழுதுங்கள்.

கடைசியாக, உங்கள் சொந்த விளையாட்டு. வெளியீட்டாளர் யாராக இருந்தாலும் படைப்பை அனுப்பலாம் என்பதால், இட்ச் போன்ற தளமொன்றில் முறையாக வெளியிட்டுவிட்டால் உங்களுக்கும் வழி திறந்திருக்கும். எந்தத் திகதிகளுக்கிடையில் வெளியானவை ஏற்கப்படும் என்பதை அந்தந்த ஆண்டின் விதிமுறையில் பார்த்துக்கொள்ளுங்கள். தமிழ் மூலத்தோடு ஆங்கில வடிவமும் இருந்தாலன்றி நடுவர்களால் வாசிக்க இயலாது. செயற்கை நுண்ணறிவுச் செயலிகளைக் கொண்டு ஆக்கிய படமோ எழுத்தோ உள்ள படைப்புகளை 2025-26 சுற்றிலிருந்து ஏற்பதில்லை என்று விருதுக் குழு அறிவித்திருக்கிறது. ஆகவே அட்டைப்படத்தை உங்களில் ஒருவரே வரையட்டும், பென்சில் கோட்டுச் சித்திரம் போதும். விலை வைப்பதா என்று யோசிக்கிறீர்களானால், முதல் வெளியீட்டை இலவசமாகவே விடும்படி சொல்வேன். பேபால் வழியாக இலங்கையிலிருந்து பணம் செலுத்த முடிந்தாலும் பெற முடியாத நிலை நெடுங்காலமாக நீடிப்பதால், சிறு தொகையைக் கைக்குக் கொண்டுவருவதே பெரும்பாடாகிவிடும். இலவசமாக விட்டால் மேலே சொன்ன இலவச வெளியீட்டுப் பிரிவிலும் நீங்கள் போட்டியிடலாம். அனுப்புவதற்கு முன், உங்கள் குழுவில் இல்லாத ஒரு சிலரிடம் அச்சுப் பிரதியைக் கொடுத்து, நீங்கள் பக்கத்தில் நின்று விளக்காமல் அவர்களாகவே வாசித்து விளையாடச் செய்யுங்கள். அவர்கள் எந்த வரியில் தடுக்கி நிற்கிறார்களோ, அந்த வரியைத் திருத்தி எழுதிய பிறகு அனுப்புங்கள்.