விரிசலைப் பூசிக்கொடுத்துக் கையெழுத்துக் கேட்கிறார்கள்

கேள்வி: சிங்கப்பூர் சிராங்கூன் கார்டன்சில் பழைய வரிசை வீடு எங்களுடையது. பக்கத்து வீட்டை இடித்துக் கட்டுகிறார்கள். அஸ்திவாரம் தோண்டியதும் எங்கள் கூடத்துச் சுவர் விரிசல் விட்டுவிட்டது. தீபாவளிக்குப் பலகாரம் கொடுத்துப் பழகியவர்கள், இப்போது முகம் கொடுத்தும் பேசுவதில்லை. ஒப்பந்தக்காரர் இலவசமாகப் பூசித் தருவதாகச் சொல்லி ஒரு தாளில் கையெழுத்துக் கேட்கிறார். வழக்குப் போடலாமா?

பதில்: பேசாமல் போனது, தூசு, சத்தம் எல்லாம் வேதனைதான், வழக்குக்கு உதவாது. வேலை தொடங்குமுன் அந்தச் சுவர் எப்படி இருந்தது என்று காட்ட உங்களிடம் என்ன இருக்கிறது?

பக்கத்து மண்ணைத் தோண்டுபவர் அண்டைக் கட்டடத்தின் பிடிமானத்தைக் குலைக்கக்கூடாது என்று 2000ஆம் ஆண்டிலேயே மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் பழைய வீட்டில் பழைய விரிசலும் இருக்கும். அவர்கள் அதைத்தான் பிடித்துக்கொள்வார்கள். வேலைக்கு முன் அவர்கள் உங்கள் வீட்டைப் படமெடுத்து அறிக்கை தயாரித்திருந்தால் அதை எழுத்தில் கேளுங்கள். இல்லையென்றால், அந்தச் சுவரோரம் பொங்கலன்று எடுத்த குடும்பப் படமும் சான்றுதான்.

அந்தத் தாளுக்கு வருவோம். என் கட்சிக்காரர்கள் விழுந்த குழி இதுதான். ‘முழுமையான, இறுதியான தீர்வு’ என்று கடைசி வரியில் இருக்கும். பூசிச் சாயம் அடித்ததும் சுவர் பளிச்சென்று ஆகிவிடும். பக்கத்தில் மாடி எழும்பி, எடை ஏறி, மண் அமரும்போது அதே இடத்தில் மறுபடி பிளக்கலாம். அப்போது உரிமையை எழுதிக் கொடுத்திருப்பீர்கள். சான்றும் பூச்சுக்குள் போயிருக்கும். அவசரப்பட்டு நீங்களே பூசினாலும் சான்று போய்விடும். விரிசலின் இரு முனையிலும் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதி, அளவுகோல் வைத்துப் படமெடுக்கும்வரை யாரையும் சுவரைத் தொட விடாதீர்கள். கட்டடம் நகர்ந்து கதவு இறுகத் தொடங்கினால் கட்டட, கட்டுமான ஆணையத்துக்கு அன்றே தெரிவியுங்கள்.

பெரிய வழக்கு வேண்டாம். பொறியாளர் சாட்சியத்துக்கும் வழக்கறிஞருக்கும் ஆகும் செலவு சுவரின் செலவை விழுங்கிவிடும். சேதம் 20,000 வெள்ளிக்குள் என்றால், வழக்கறிஞருக்கு இடமில்லாத சிறு உரிமைகோரல் நடுவர் மன்றம் போதும். சேதம் நேர்ந்த 2 ஆண்டுக்குள் போகவேண்டும். அதற்கும் முன் சமரசம் பேசுங்கள். இருவரும் ஏற்கும் பொறியாளர், அவர் சொல்லும் பழுதுபார்ப்பு, வேலை முடிந்து ஓராண்டுவரை புது விரிசலுக்கும் பொறுப்பு: இந்த மூன்றும் எழுத்தில் இருந்தால் கையெழுத்துப் போடுங்கள். பேசுவது பக்கத்து வீட்டுக்காரரிடமாக இருக்கட்டும், அதுவும் ஒப்பந்தக்காரருக்குத் தரவேண்டிய மீதிப் பணம் அவர் கையில் இருக்கும்போதே.