எடையற்ற நிலையில் நுரையீரல்

கேள்வி: நாம் நிற்கும்போது நுரையீரலின் அடிப்பகுதிக்கே காற்று மிகுதியாகச் செல்கிறது, அதற்குப் புவியீர்ப்பே காரணம் என்று வகுப்பில் படித்தேன். அப்படியானால் விண்வெளியில் காற்று நுரையீரல் முழுவதும் ஒரே சீராகப் பரவுமா?
– கல்லூரி மாணவி, திருச்சி

பதில்: முழுச் சீராகப் பரவுவதில்லை. தளர்வான சுருள்கம்பி ஒன்றை ஒரு முனையில் பிடித்துத் தொங்கவிட்டுப் பாருங்கள். மேல் வளையங்கள் விலகியும் கீழ் வளையங்கள் நெருங்கியும் நிற்கும். நிமிர்ந்து நிற்பவரின் மார்புக்கூட்டில் நுரையீரலும் தன் எடையால் இப்படித்தான் தொய்கிறது. மேலே உள்ள காற்று நுண்ணறைகள் ஏற்கெனவே விரிந்திருப்பதால் மேலும் விரிய இடம் குறைவு. சுருங்கியிருக்கும் கீழ் நுண்ணறைகளோ எளிதில் விரிந்து, உள்ளே வரும் காற்றில் கூடுதல் பங்கைப் பெற்றுக்கொள்கின்றன.

எடை இல்லையென்றால் தொய்வும் இல்லை என்பதால் உங்கள் ஊகம் நியாயமானதே. 1991 ஜூனில் கொலம்பியா விண்வெளி ஓடம் ஒன்பது நாள் சுற்றிவந்தபோது, சான் டியாகோவிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ஜான் வெஸ்ட் குழுவினர் இதைச் சோதித்தார்கள். வீரர் மூச்சை இயன்றவரை வெளியேற்றி, தூய ஆக்சிஜனை ஒரே இழுப்பில் நிரப்பி, பிறகு மெதுவாக வெளிவிடுவார். நுரையீரலில் எஞ்சியிருந்த பழைய காற்றிலிருந்து வரும் நைட்ரஜன் அப்போது வாயருகே அளவிடப்படும். எல்லா இடத்துக்கும் ஆக்சிஜன் சமமாகச் சென்றிருந்தால், நுண்ணறைகளின் காற்று வெளிவரும்போது நைட்ரஜனின் அளவு மாறாமல் நேர்கோடாக இருக்க வேண்டும்.

கோடு தரையில் இருந்ததைவிட ஓரளவு சமனானது, ஆனால் நேராகவில்லை. இதயம் துடிக்கும்போதெல்லாம் அருகிலுள்ள நுரையீரல் பகுதிகள் அழுந்தி, அங்குள்ள காற்று சற்றே முந்தி வெளிவருவதால் கோட்டில் சிற்றலைகள் தோன்றும். எல்லாப் பகுதிகளிலும் ஒரே கலவை இருந்திருந்தால் அந்த அலைகளுக்கே இடமில்லை. விண்வெளியில் அவை சிறுத்தன, மறையவில்லை.

எஞ்சிய ஏற்றத்தாழ்வுக்கு நுரையீரலின் அமைப்பையே காரணமாகக் கொள்ள வேண்டும். மூச்சுக்குழாய் ஏறத்தாழ 23 முறை கிளை பிரிகிறது. அக்கிளைகள் நீளத்திலும் அகலத்திலும் ஒன்றுபோல் இருப்பதில்லை. இந்த ஆய்வுகளில் என்னை மிகவும் வியக்கவைத்த செய்தி வேறொன்று: ஆழ்ந்து இழுக்காமல் இயல்பாக மூச்சுவிடும்போது, காற்றுப் பங்கீட்டின் சீரின்மை விண்வெளியிலும் பெரிதாகக் குறையவில்லை.