'கண்ணு' என்று கூப்பிட்டுச் சம்பளம் பிடிக்கும் முதலாளி

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன் (துணி வாங்கும் கம்பெனியான பையரோடு பேசி ஆர்டரை முடித்துக் கொடுக்கும் வேலை). கூட வேலை பார்க்கும் இரண்டு பேரும் நானும் சேர்ந்து 20 நிமிஷக் குறும்படம் எடுக்கப் போகிறோம். 'ஹாரிபிள் பாஸஸ்' ஹாலிவுட் படம் மாதிரி, முதலாளியைத் தீர்த்துக்கட்டத் திட்டம் போடும் மூன்று ஊழியர்களின் கதை. எழுதிப் பார்த்தால் சிரிப்பு வரவில்லை, கோபம்தான் வருகிறது. எங்கள் முதலாளி பார்த்துக் கண்டுபிடித்துவிட்டால் என்ன ஆகும் என்ற பயமும் இருக்கிறது. முதல் காட்சியை இணைத்திருக்கிறேன். எங்கே தப்பு?

பதில்: உங்கள் காட்சியில் முதலாளி மேசையைத் தட்டுகிறார், 'டேய்' என்கிறார், ஃபைலைத் தூக்கி எறிகிறார். கோபம் வருவது அதனால்தான். இவர் நம்ம ஊர் முதலாளியே இல்லை. இங்கே திட்டும்போதும் 'ங்க' போகாது. "ஏனுங் கண்ணு, வேலைக்கு வர்றீங்களா, இல்ல ஃபேன் காத்து வாங்க வர்றீங்களா?" என்று கேட்பார். குரல் ஏறாது. டீ கிளாஸை நம் பக்கம் நகர்த்தி வைப்பார். "சாப்டீங்களா?" என்பார். அப்புறம்தான், "நாளையிலிருந்து வர வேண்டாமுங்க." அந்த மரியாதைக்கும் இந்த அடிக்கும் நடுவில்தான் உங்கள் சிரிப்பு உட்கார்ந்திருக்கிறது.

நான் எழுத வருவதற்கு முன்பு நான்கு வருஷம் ஒரு கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். ஷிப்மெண்டுக்கு முந்தின ராத்திரி, இரண்டு மணி இருக்கும், முதலாளி தானே ஃபிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஓவர்லாக் அக்காவிலிருந்து செக்கிங் பிள்ளைகள் வரை ஆளுக்கொரு டீ, ஒரு தேங்காய் பன். "நீங்க இல்லைன்னா நான் ஏதுங்க" என்றபோது எனக்கே கண் கலங்கிவிட்டது. சனிக்கிழமை சம்பளக் கவரைப் பிரித்தால், 'டீ, பன்' என்று பென்சிலில் எழுதி 30 ரூபாய் பிடித்தம். போய்க் கேட்டேன். "கணக்குன்னா கணக்குங் கண்ணு. நானும் மெஷின்ல உக்காந்து வந்தவன்தானே" என்றார். பொய்யில்லை, அவர் டைலராக இருந்தவர். திருப்பூரில் அப்படி முதலாளி ஆனவர்கள் நிறையப் பேர். உங்கள் ஆளையும் அப்படியே வையுங்கள். தான் பட்டதில் பாதியைக்கூட மற்றவர்களுக்குக் கொடுக்கவில்லை என்று மனசார நம்புகிற மனுஷன். தன்னைக் கொடுமைக்காரன் என்று அவருக்குக் கடைசி வரை தெரியக் கூடாது.

அடுத்தது, உங்கள் கதையில் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. இவ்வளவு கஷ்டமென்றால் வேலையை விட வேண்டியதுதானே? சேத் கார்டன் இயக்கி 2011-ல் வந்த அந்தப் படம் இதற்கு ஆரம்பத்திலேயே பதில் சொல்லிவிடுகிறது. லேமன் பிரதர்ஸில் வேலை போன பழைய பள்ளித் தோழன் ஒருவன் பாரில் வந்து, காசுக்காக எதையும் செய்யத் தயார் என்கிற நிலைமையில் நிற்கிறான். மூன்று பேரும் அவனைப் பார்த்துப் பயந்துபோகிறார்கள். வேலையை விடும் பேச்சு அங்கேயே செத்துவிடுகிறது. ஆனால் அதை அப்படியே திருப்பூருக்குத் தூக்கி வர முடியாது. இங்கே கம்பெனிக்குக் கம்பெனி கேட்டில் 'டைலர்கள் தேவை' போர்டு தொங்குகிறது. அதனால் காரணம் வேறாக இருக்க வேண்டும். அக்கா கல்யாணத்துக்கு முதலாளி கொடுத்த முன்பணம், அல்லது அவர் அம்மா வழியில் மாமா முறை. வேலையை விட்டால் கோயில் நோம்பிக்கு ஊருக்குப் போகவே முடியாது! பயத்தால் விட முடியாதவனைவிட, நன்றிக்கடனால் விட முடியாதவன் இன்னும் வேடிக்கையாக மாட்டிக்கொள்வான்.

கொலைத் திட்டத்தை உங்கள் தொழிலிலிருந்தே எடுங்கள். மூன்று மெர்ச்சண்டைசர்கள் கொலை செய்ய நினைத்தால் முதலில் என்ன செய்வார்கள்? எக்செல்லில் 'டைம் அண்ட் ஆக்ஷன்' போடுவார்கள். எந்தத் தேதியில் எது, யார் பொறுப்பு, யாருடைய அப்ரூவல். விஷத்துக்கு சாம்பிள் கேட்பார்கள். ஒருவன் "பிபி சாம்பிள் அப்ரூவ் ஆகாம பல்க் போக முடியாதுடா" என்பான். (பிபி சாம்பிள் என்றால் உற்பத்திக்கு முன்பு பையர் ஓகே சொல்ல வேண்டிய மாதிரி, பல்க் என்றால் மொத்த உற்பத்தி.) தேதி தள்ளிப்போகும், மெயிலில் சண்டை வரும், கடைசியில் முதலாளியே கூப்பிட்டு, "எதுக்கு கண்ணு மூணு பேரும் இவ்வளவு டென்ஷன்? என்ன டிலே?" என்று கேட்பார். ஆயுத பூஜையை விட்டுவிடாதீர்கள். அவர்கள் ஆயுதமாகத் தேர்ந்தெடுத்து வைத்திருக்கும் கட்டிங் மெஷினுக்கு முதலாளி தன் கையால் சந்தனம் குங்குமம் வைத்து, மூன்று பேருக்கும் பொரிகடலை கொடுக்கிறார். அந்த ஒரு ஷாட்டுக்கு வசனமே வேண்டாம்.

முதலாளி சாக வேண்டுமா? கதைக்கு வேண்டுமென்றால் சாகட்டும், இவர்கள் கையால் வேண்டாம். அந்தப் படத்தில் மூன்று நண்பர்களும் யாரையும் கொல்வதே இல்லை. (முடிவைச் சொல்கிறேன், படம் வந்து இவ்வளவு வருஷம் ஆகிவிட்டது, பரவாயில்லை.) சந்தேகப்புத்தி பிடித்த ஒரு முதலாளி, இன்னொரு முதலாளியைத் தன் மனைவியின் கள்ளக்காதலன் என்று நினைத்துச் சுட்டுவிடுகிறார். நண்பர்கள் 5,000 டாலர் கொடுத்துப் பிடித்த 'கில்லர்' கொலையே செய்யாதவர், வெறும் கொலை ஆலோசகர். என்னை மாதிரிதான், ஃபீஸ்தான் கொஞ்சம் அதிகம். கடைசியில் அவர்களைக் காப்பாற்றும் ஒலிப்பதிவு யாரிடமிருந்து வருகிறது என்று கவனித்தீர்களா? காரின் வழிகாட்டிச் சேவையில் பேசும், ஆத்மானந்த் என்ற சொந்தப் பெயரை விட்டு 'கிரெகரி' ஆன இந்தியக் கால் சென்டர் பையன். அவனும் ஒரு ஊழியன்தான். உங்கள் படத்தில் அந்த இடத்தில் வாட்ச்மேனோ, கேன்டீன் அக்காவோ வரலாம்.

சரி, பயத்துக்கு வருவோம். அவதூறு இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-வது பிரிவில் வருகிறது. 2 வருஷம் வரை சாதாரணச் சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். சமூக சேவையும் தண்டனையாக வரலாம். 'இக்கதையில் வரும் சம்பவங்கள் அனைத்தும் கற்பனையே' என்று கார்டு போட்டுவிட்டால் தப்பித்தோம் என்று நினைக்காதீர்கள். பெயரைச் சொல்லாவிட்டாலும், தெரிந்தவர்கள் பார்த்து இன்னார்தான் என்று அடையாளம் கண்டுகொண்டால் அதுவே வம்பு. ஆகவே நாலு முதலாளிகளைப் பிசைந்து ஒருவரைச் செய்யுங்கள். உங்கள் முதலாளியின் காரை, மோதிரத்தை, அவர் அடிக்கடி சொல்லும் வார்த்தையை எடுத்துவிடுங்கள். அவருக்கு மட்டுமே நடந்த சம்பவம் எதுவும் வேண்டாம். என் டீ, பன் கதையை வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள். நான் அதை ஒரு படத்தில் வைத்து, அதே முதலாளிக்குப் போட்டுக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தார். "இது நம்ம சித்தப்பா பையன்தானுங்க?" என்றார்.

படப்பிடிப்பை மட்டும் உங்கள் கம்பெனிக்குள் வைக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை சும்மா கிடக்கும், கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் ஒரு ஜாப் ஒர்க் யூனிட்டைக் கேளுங்கள், பத்துப் பவர் டேபிள் தையல் மெஷின் இருந்தால் போதும். பிரேமில் தெரியும் பீஸ்களில் பையர் லேபிள் இருக்கக் கூடாது. முதலாளி விட்டாலும் பையர் விட மாட்டான்.