ஒபாமாகேர் காப்பீடு: கேள்வி பதில்

அமெரிக்காவில் 2010-ல் கையெழுத்தாகி, ஒபாமாகேர் என்று பெயர் பெற்ற மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தைப் பற்றிய கேள்விகள்.

சர்க்கரை நோய் இருக்கிறது. தனியாக பாலிசி எடுத்தால் கூடுதலாகக் கேட்பார்களா?

கேட்க முடியாது. 2014 முதல் வயது, ஊர், புகையிலைப் பழக்கம், எத்தனை பேர் என்பதை மட்டுமே பார்த்து பிரீமியம் போடலாம். ‘ஷார்ட் டேர்ம்’ எனும் குறுகிய காலப் பிளான்களை இந்த விதி கட்டுப்படுத்தாது. விண்ணப்பத்தில் உங்கள் நோய்களை விசாரித்தால் அது பெரும்பாலும் அந்த மாதிரி, விதிக்கு வெளியே உள்ள பிளான்தான், கிட்டேயே போகாதீர்கள்.

மகனுக்கு மார்ச் 12-ல் 26 வயது ஆகிறது. என் கம்பெனி இன்சூரன்ஸில் அவனுக்கு இருக்கும் காப்பீடு அன்றே நின்றுவிடுமா?

சில கம்பெனிகளில் அன்றே நிற்கும், சிலவற்றில் மாதக் கடைசி வரை ஓடும். எச்.ஆரிடம் தேதியை எழுத்தில் வாங்கிவிடுங்கள். மார்க்கெட்பிளேஸில் (இந்தச் சட்டப்படி தனிநபர்கள் பிளான் வாங்கும் சந்தை) சேர, காப்பீடு நிற்கும் தேதிக்கு முன்னால் 60 நாள், பின்னால் 60 நாள் உண்டு. பலர் பின்னாலுள்ள 60 நாளை நம்பி இருந்துவிடுகிறார்கள். மார்ச் 31-ல் முடிகிறது, ஏப்ரல் 5-ல் தேர்வு செய்கிறீர்கள் என்றால் புது பிளான் மே 1-ல்தான் தொடங்கும். ஏப்ரல் முழுக்க வெறுங்கை. மார்ச்சுக்குள் பதிந்தால் ஏப்ரல் 1-லேயே கிடைத்துவிடும்.

வருடாந்திர செக்கப் இலவசம் என்றார்கள். பில் வந்திருக்கிறதே?

‘முட்டி வலிக்கிறது’ என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னீர்களா? டாக்டர் அதைத் தனியாகப் பார்த்திருந்தால் இன்னொரு விசிட்டாகவும் போடலாம். பில்லில் டாக்டர் விசிட்டுக்கான குறியீடு 99213 அல்லது 99214, பக்கத்தில் 25 என்று ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். தைராய்டு, வைட்டமின் டி மாதிரியான ரத்தப் பரிசோதனைகளும் பொதுவாக இலவசப் பட்டியலில் இல்லை. நோய் வருமுன் குடலைப் பார்க்கும் ஸ்க்ரீனிங் கொலனாஸ்கோப்பி கதை வேறு: பிளானின் நெட்வொர்க்கில் உள்ள டாக்டரிடம் செய்திருந்தால், நடுவில் பாலிப் (சிறு கட்டி) எடுத்தாலும் உங்களிடம் வசூலிக்கக் கூடாது. வசூலித்தால் 33 என்ற மாடிஃபையரை (கூடுதல் குறியீடு) சேர்த்து இன்சூரன்ஸுக்கு பில்லைத் திருப்பி அனுப்பும்படி டாக்டர் அலுவலகத்திடம் சொல்லுங்கள்.

சில்வரா, ப்ரான்ஸா?

இவை மார்க்கெட்பிளேஸ் பிளான்களின் ரகங்கள். வருமானம் அமெரிக்க அரசின் வறுமைக் கோட்டின் 200 சதவீதத்துக்குள் என்றால் யோசிக்கவே வேண்டாம், சில்வர். சாதாரணமாக 70 சதவீதச் செலவை ஏற்கும் சில்வர் உங்களுக்கு 87 அல்லது 94 சதவீதம் ஏற்கும். ப்ரான்ஸில் அந்தச் சலுகை கிடையாது.

2026-ல் பிரீமியத்துக்கான அரசு சப்சிடி நின்றுவிட்டதா?

முழுக்க நிற்கவில்லை. 2021 முதல் 2025 வரை இருந்த கூடுதல் சப்சிடி முடிந்து, வருமானம் வறுமைக் கோட்டின் 400 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற வரம்பு திரும்பியிருக்கிறது. அலாஸ்கா, ஹவாய் தவிர மற்ற இடங்களில் ஒருவருக்கு 62,600 டாலர், நால்வர் குடும்பத்துக்கு 1,28,600. ஒரு டாலர் தாண்டினாலும் சப்சிடி மொத்தமும் போகும். முன்பணமாக வாங்கியதை வரித் தாக்கலின்போது முழுதாகத் திருப்பிக் கட்ட வேண்டும். திருப்பிக் கட்டும் தொகைக்குப் பலருக்கு முன்பு இருந்த உச்சவரம்பு 2026-லிருந்து கிடையாது. டிசம்பர் போனஸ், பங்கு விற்பனை, ஓய்வூதியச் சேமிப்பை ராத் கணக்குக்கு மாற்றுவது இவைதான் வரம்பைத் தாண்டத் தள்ளிவிடுபவை. வரம்பை ஒட்டி இருந்தால் எச்.எஸ்.ஏ.வில் (மருத்துவச் செலவுக்கான சேமிப்புக் கணக்கு) போடுங்கள், அந்தத் தொகை வருமானக் கணக்கில் குறையும்; மார்க்கெட்பிளேஸ் ப்ரான்ஸ் பிளான்களுக்கு 2026 முதல் அது அனுமதி. அடுத்த ஏப்ரலில் வரி கட்டும் கடைசி நாள் வரை போட்டாலும் இந்த வருஷக் கணக்கில் சேரும்.