ஆன்மாவைப் பார்க்கக் காத்திருந்தவள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அம்மா,

வணக்கம். ஓராண்டாக ஐரோப்பிய வரலாற்றை வாசித்து வருகிறேன். 1077இல் பேரரசர் நான்காம் ஹென்றி, இத்தாலியின் கனோசா கோட்டை வாசலில் மூன்று நாட்கள் பனியில் நின்று போப் ஏழாம் கிரகோரியிடம் மன்னிப்புக் கேட்டதைப் படித்துத் திகைத்துவிட்டேன். ஓர் அரசனை அப்படி நிற்கவைக்கும் வலிமை ஒரு மதகுருவுக்கு எங்கிருந்து வந்தது? எனக்குத் தோன்றும் விடை ஒன்றுதான். எழுத்தறிவில்லாத பேதை மக்கள் பாதிரிகள் சொன்னதையெல்லாம் நம்பினார்கள். ஆயிரம் ஆண்டுகளாக ஒருவருக்கும் ஒரு கேள்வியும் எழவில்லை. அந்த நம்பிக்கையே திருச்சபையின் அதிகாரமாயிற்று. அதை இருண்ட காலம் என்று சொல்வது சரிதானே? லத்தீன் தெரியாமல் இந்தக் காலத்தைப் படிக்க முடியுமா என்பதையும் சொல்லுங்கள்.

க.

அன்புள்ள க.,

உங்கள் கடிதம் வந்த அன்று காலையில், ஏழு நூற்றாண்டுகளுக்கு முன் பிரெனீஸ் மலைப்பகுதியில் வாழ்ந்த ஒரு குடியானவப் பெண்ணின் வாக்குமூலத்தை வாசித்துக்கொண்டிருந்தேன். அதை மூடிவைத்துவிட்டு உங்கள் கடிதத்தைத் திறந்தால், ‘ஒருவருக்கும் ஒரு கேள்வியும் எழவில்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள். வழக்கமாக மாதக்கணக்கில் பதிலைத் தள்ளிப்போடுகிற நான் உடனே எழுத உட்கார்ந்தது அந்த ஒரு வரியினால்தான். சற்றுக் கோபமாகவே எழுதப் போகிறேன். உங்கள் மீது அக்கறை இல்லாவிட்டால் கோபமும் வந்திருக்காது.

கனோசாவை முதலில் முடித்துவிடுகிறேன். 1077 ஜனவரியில் அங்கே நின்ற ஹென்றி அப்போது பேரரசர் அல்ல, ஜெர்மானிய அரசர். போப் அவரைச் சபையிலிருந்து விலக்கியதோடு, அவருக்குக் குடிகள் செய்துகொடுத்த விசுவாசப் பிரமாணமும் செல்லாது என்று அறிவித்திருந்தார்; ஏற்கெனவே கலகத்துக்குக் காரணம் தேடிக்கொண்டிருந்த ஜெர்மானியப் பிரபுக்களுக்கு அது போதுமானதாக இருந்தது. மனம் வருந்தி வாசலில் நிற்கிறவனை ஒரு குருவால் திருப்பி அனுப்ப முடியாது என்பதை அறிந்தே ஹென்றி வந்து நின்றார். ஏழே ஆண்டுகளில், 1084இல், அவர் ரோமைப் பிடித்து, தாம் ஏற்படுத்திய எதிர்ப் போப்பின் கையால் பேரரசராக முடிசூடிக்கொண்டார். மறு ஆண்டு கிரகோரி தம் ஊரை இழந்தவராகச் சலேர்னோவில் இறந்தார். பனியில் நின்ற அந்த ஒரு காட்சியை வைத்துக்கொண்டு யார் பெரியவர் என்று முடிவுகட்ட முடியாது. ‘இருண்ட காலம்’ என்ற பெயரைப் பற்றிப் பேச எனக்கு விருப்பமில்லை. பின்னால் வந்தவர்கள் தங்கள் காலத்தை வெளிச்சமாகக் காட்ட வைத்த பெயர் அது.

ஆனால் ‘பேதை மக்கள்’ என்ற சொல்லை என்னால் அப்படி விட்டுவிட முடியவில்லை. அரசர்களின் பெயரையும் போப்புகளின் பெயரையும் பிழையில்லாமல் எழுதிய நீங்கள், கோடிக்கணக்கான மனிதர்களை ஒரே சொல்லில் கடந்து போயிருக்கிறீர்கள். அவர்களில் ஒருவரையாவது நீங்கள் சந்தித்ததுண்டா? அவர்கள் பேசிய பேச்சு கிடைக்கவில்லை என்று சொல்லிவிடாதீர்கள். கிடைத்திருக்கிறது.

இன்றைய பிரான்ஸின் தெற்கு எல்லையில், அரியேஜ் ஆற்றின் கரையில் பாமியே என்ற ஊர் உள்ளது. 1317இல் அதன் ஆயராக (பிஷப்பாக) வந்தவர் ழாக் ஃபூர்னியே. எளிய குடும்பத்தில் பிறந்து, சிஸ்டர்சியன் என்ற துறவு சபையில் சேர்ந்து, கல்வியால் உயர்ந்தவர். அந்த மலைநாட்டில் எஞ்சியிருந்த, திருச்சபையின் போதனையை மறுத்த ‘கத்தார்’ என்ற பிரிவினரான பதிதர்களைக் கண்டுபிடிப்பதற்காக அவர் 1318 முதல் 1325 வரை விசாரணை மன்றம் நடத்தினார். 370 நாட்கள் அமர்வு, 98 வழக்குகள், 578 விசாரணைகள். பெரும்பாலும் சித்திரவதையை நாடாமல், பொறுமையாகக் கேட்டுக் கேட்டே உண்மையை வெளியே இழுக்கிற மனிதர். எங்கே உட்கார்ந்திருந்தீர்கள், யார் யார் உடனிருந்தார்கள், என்ன சமைத்துக்கொண்டிருந்தீர்கள் என்றெல்லாம் கேட்பார். இடையர்கள், விதவைகள், கொத்தர்கள், பங்குச் சாமியார்கள் என எல்லோரும் அவர் முன் வந்து அந்த வட்டாரத்தின் ஒக்ஸிதான் பேச்சுமொழியில் சொன்னதை எழுத்தர்கள் லத்தீனில் எழுதினார்கள். பிறகு அது அவர்களுடைய மொழியில் வாசித்துக்காட்டப்பட்டு, திருத்தப்பட்டு, தோல்தாளில் ஏறியது.

அவர்களில் ஒருத்திதான் ஒர்னோலாக் என்ற ஊரைச் சேர்ந்த கியமெத் பெனே. ஆன்மா என்பது ரத்தத்தைத் தவிர வேறில்லை என்று அவள் அண்டை அயலாரிடம் சொல்லியிருக்கிறாள். ஏன் அப்படி நினைத்தாய் என்று கேட்டபோது அவள் எந்த ஆசிரியரின் பெயரையும் சொல்லவில்லை, எந்தப் பதிதனின் போதனையையும் சொல்லவில்லை. வாத்தின் தலையை வெட்டும்போது ரத்தம் வடியும்வரை உயிர் இருக்கிறது, வடிந்தபின் போய்விடுகிறது. அதைப் பார்த்தேன் என்றாள். தான் ஒருமுறை விழுந்து மூக்கில் ரத்தம் வந்ததைச் சொன்னாள். பிறகு இன்னொன்றும் சொன்னாள். ஊரில் ஒரு குழந்தை சாகக் கிடந்தபோது, அதன் வாயிலிருந்து ஏதாவது வெளியே வருகிறதா என்று அவள் உற்றுப் பார்த்திருக்கிறாள். மூச்சுக்காற்றைத் தவிர வேறொன்றும் வரவில்லை.

கொஞ்ச நேரம் அந்த வீட்டிலேயே இருங்கள், க. புகை மண்டிய அறை, சுற்றிலும் அழுகிற பெண்கள், நடுவில் ஒரு குழந்தையின் கடைசி மூச்சு. ஆன்மா வாய்வழியாகப் பிரிந்து போகும் என்று ஞாயிறுதோறும் கேட்டு வளர்ந்தவள் அது உண்மையா என்று பார்ப்பதற்காகக் கண் இமைக்காமல் குனிந்து நிற்கிறாள். அவளுக்கு எழுதத் தெரியாது. அவள் எட்டிய முடிவு சரியா தவறா என்பதைப் பற்றி எனக்குக் கவலையில்லை; தனக்குச் சொல்லப்பட்டதைத் தன் கண்ணால் சோதித்துப் பார்த்தவள் அவள். அவளையா பேதை என்கிறீர்கள்?

அவள் ஒருத்தி மட்டுமல்ல. மெர்வியேல் ஊரின் ஓத் ஃபோரே என்ற இளம்பெண், தெருவில் ஒருத்தி பிள்ளை பெற்றதைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து, பூசையில் நற்கருணையை உயர்த்தும்போதெல்லாம் அந்தப் பேறுகால அசுத்தமே நினைவுக்கு வர, அப்பத்தில் ஆண்டவரின் உடல் இருப்பதாக நம்ப முடியாமல் கணவனிடம் சொல்லி அழுதிருக்கிறாள். உலகத்துக்குத் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை என்று தாராஸ்கோன் கொத்தர் ஒருவர் சொல்லியிருக்கிறார். இவர்களுக்கு நம்பிக்கை இல்லை என்று நான் சொல்லவில்லை. ஓத்தின் கண்ணீரே அவளுடைய நம்பிக்கைக்குச் சாட்சி. நம்பிக்கையும் கேள்வியும் ஒரே நெஞ்சில் குடியிருக்கும் என்பது நம் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். அதை அந்த மக்களுக்கு மட்டும் ஏன் மறுக்கிறீர்கள்?

இந்தப் பதிவேட்டின் மீது எனக்கு இத்தனை பற்று இருப்பதற்குக் காரணம் உண்டு. எழுத வருவதற்கு முன் ஒரு சிற்றூரின் முன்சீப் கோர்ட்டில் பதினோரு ஆண்டுகள் தட்டச்சராக இருந்தேன். வாய்க்கால் தகராறு ஒன்றில் சாட்சி சொல்ல வந்த ஒரு பாட்டி, “எங்க வயலுக்குத் தண்ணி வந்தா அவுக மொகம் சுண்டிப்போகும் சாமி” என்றார். நீதிபதி அதை ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல, பிரதிவாதிக்கு முன்விரோதம் உண்டு என்ற பொருளில் ஒரே வரியாக அடித்தேன். பிறகு அதைத் தமிழில் படித்துக்காட்டினோம். பாட்டி தலையசைத்தார். ‘படித்துக்காட்டக் கேட்டு, சரியென ஒப்புக்கொண்டார்’ என்று கீழே அடித்து, மையில் தோய்ந்த அவருடைய கட்டைவிரலை நானே பிடித்துத் தாளில் அழுத்தினேன். அந்த விரலின் சொரசொரப்பு இன்னும் நினைவில் இருக்கிறது. சுண்டிப்போன முகம் அந்தத் தாளில் எங்குமே இல்லை. பாமியேயின் எழுத்தர்களோ லத்தீனுக்கு மாற்றும்போதும் வாத்தை விட்டுவிடவில்லை, மூக்கு ரத்தத்தை விட்டுவிடவில்லை. தண்டிப்பதற்காகக் கேட்டவர் அத்தனை கவனமாகக் கேட்டிருக்கிறார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நன்றியும் நடுக்கமும் ஒன்றாகவே வருகின்றன.

அதிகாரம் எங்கிருந்து வந்தது என்று கேட்டீர்கள் அல்லவா? ஆட்டுக்குட்டியிலிருந்தும் வந்தது. விளைச்சலில் மட்டுமன்றி மந்தையிலும் தசமபாகம், அதாவது பத்தில் ஒரு பங்கு, வேண்டும் என்று பாமியே ஆயர்கள் மலைநாட்டாரை நெருக்கினார்கள். ஃபூர்னியே அதில் மிகவும் கண்டிப்பானவர். கொடுக்காதவரைச் சபையிலிருந்து விலக்கினார்கள். கியே ஊரின் ரேமோன் தெ லபுரா என்ற விவசாயி அப்படி விலக்கப்பட்டுக் கோவிலுக்குள் நுழைய முடியாமல் நின்றபோது, இந்தக் கோவிலும் மணியும் எங்களுடையவை, நாங்கள்தான் கட்டினோம், நாங்கள்தான் வாங்கினோம், எங்களையே வெளியே தள்ளுகிறார்களே என்று குமுறினார். பூசையின் மீது வெறுப்புள்ளவன் கதவு அடைக்கப்பட்டதற்காகக் குமுறுவானா? கடவுளுக்கும் தமக்கும் இடையே ஒருவர் சாவியோடு நிற்கிறார் என்பது அவருக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

தொலைவில் இருந்த போப்பை விட, பக்கத்து வீட்டு அதிகாரம்தான் அவர்களை அன்றாடம் அழுத்தியது. சுமார் 1300 மீட்டர் உயரத்தில், இருநூற்றுச் சொச்சம் பேர் வாழ்ந்த மோன்தாயூ என்ற மலைக்கிராமத்தின் பங்குச் சாமியார் பியேர் கிளெர்க். அவருடைய சகோதரர் பெர்னார், அந்த வட்டாரத்தை ஆண்ட ஃபுவா பிரபுவின் ஊர் அதிகாரி. பாவசங்கீர்த்தனம் கேட்பது ஒருவர், வரியும் வழக்கும் பார்ப்பது இன்னொருவர், இரண்டும் ஒரே வீடு. சாமியாருக்கே பதிதர்களோடு உறவு உண்டு. ஆனாலும் 1308இல் கார்கசோன் விசாரணை மன்றம் ஊரை வளைத்து வயதுவந்தவர்களையெல்லாம் பிடித்தபோது, யாரைக் காட்டிக்கொடுப்பது, யாரைக் காப்பது என்பது அவர் கையில் இருந்தது. அந்தக் குடும்பத்துக்கு எதிராகப் பேசிய மெங்கார்த் மோர்ஸ் என்ற பெண்ணின் நாக்கு அறுக்கப்பட்டது. பேதையின் நாக்கை யாராவது மெனக்கெட்டு அறுப்பார்களா? கிளெர்க்கும் கடைசியில் ஃபூர்னியேயின் சிறையில்தான் இறந்தார். பதிவேட்டில் அவருடைய வாக்குமூலம் மட்டும் இல்லை.

இப்போது கியமெத்திடம் திரும்புகிறேன். ரத்தம்தான் ஆன்மா என்ற பேச்சை அவள் கைவிட்டுச் சத்தியம் செய்ய வேண்டியிருந்தது, தண்டனையும் பெற்றாள். அதே ஆண்டுகளில், போப்புகள் ரோமை விட்டு வந்து தங்கியிருந்த அவிஞ்ஞோனில் போப்பாக இருந்தவர் இருபத்திரண்டாம் யோவான். 1331இல் சகல புனிதர் திருநாளன்று அவர் ஒரு பிரசங்கம் செய்தார். புண்ணியவான்களின் ஆன்மாக்கள்கூட இறந்தவுடனே கடவுளை நேருக்குநேர் காண்பதில்லை, உலக முடிவின் பொதுத்தீர்வை நாள்வரை காத்திருக்கின்றன என்றார். ஐரோப்பாவே கொந்தளித்தது. பாரிஸ் பல்கலைக்கழகத்தின் இறையியலாளர்கள் மறுத்தார்கள், பிரெஞ்சு அரசர் கண்டித்தார். அது தம் சொந்த ஆராய்ச்சிக் கருத்து, சபையின் போதனை அல்ல என்று போப் விளக்கம் சொன்னார். 1334 டிசம்பரில் மரணப் படுக்கையில் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். யாரும் அவரை விலங்கிட்டுச் சிறைக்கு அனுப்பவில்லை. பதிதர்களின் உடையில் முன்னும் பின்னும் தைக்கப்பட்ட மஞ்சள் சிலுவையை யாரும் அவருடைய அங்கியில் தைக்கவில்லை.

அவருக்குப் பின் போப்பாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் யார் தெரியுமா? ழாக் ஃபூர்னியேதான், பன்னிரண்டாம் பெனடிக்ட் என்ற பெயரில். உடலைப் பிரிந்த ஆன்மா என்ன ஆகிறது என்பதற்கு 1336இல் அவர் ஆணை பிறப்பித்து முடிவு சொன்னார். சுமார் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் பாமியேயில் அவர் முன்னால் நின்ற பெண் கேட்டதும் அதையேதான், க. சாகிற குழந்தையின் முகத்தருகே அவள் கேட்டபோது அது பதிதமாயிற்று. பிரசங்க மேடையில் ஒரு போப் கேட்டபோது அது இறையியல் விவாதமாயிற்று. ஆயிரம் ஆண்டுகளாக மக்கள் கேட்காமல் இருந்ததாக நினைத்துக்கொண்டு அதிகாரத்தைத் தேடுகிறீர்கள். யார் கேட்கலாம், யார் கேட்கக் கூடாது என்று வகுத்த இடத்தில் தேடிப் பாருங்கள். கனோசாவின் பனியில் தெரியாதது அங்கே தெரியும்.

லத்தீனைப் பற்றிக் கேட்டிருந்ததை மறந்தே போனேன். தேவையில்லை. ஃபூர்னியே தம்முடன் கொண்டுபோன அந்தப் பதிவேடு இன்று வத்திக்கான் நூலகத்தில் இருக்கிறது. பிரெஞ்சில் முழுமையாக மொழிபெயர்த்திருக்கிறார்கள், ஆங்கிலத்தில் சில வாக்குமூலங்கள் வாசிக்கக் கிடைக்கின்றன. அரசர்களைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்துவிட்டு அவற்றில் ஒன்றையாவது முதலிலிருந்து கடைசிவரை வாசியுங்கள். வாசித்துவிட்டு எழுதுங்கள், காத்திருக்கிறேன்.

அன்புடன்.