எதில் முதல்? ரயில் வரலாறு: கேள்வி பதில்

கேள்வி: ரயில் வரலாற்று வகுப்பில் பேட்டரி, ஹைட்ரஜன் ரயில்களை எங்கே சேர்ப்பது? கடைசிப் பாடமாக வைக்கலாமா?

பதில்: வேண்டாம், ஒட்டுப்போட்டதுபோல் இருக்கும். 1842-லேயே ஆரம்பியுங்கள். ஸ்காட்லாந்துக்காரர் ராபர்ட் டேவிட்சன் எடின்பரோ–கிளாஸ்கோ பாதையில் பேட்டரி எஞ்சின் ஓட்டினார், மணிக்கு 6 கிலோமீட்டர் சொச்சம். அந்த பேட்டரியைச் சார்ஜ் செய்ய முடியாது. துத்தநாகம் கரையக் கரையப் புதிதாகப் போட வேண்டும். நிலக்கரியோ மலிவு. கதை முடிந்தது. அப்புறம் 1950-களில் மேற்கு ஜெர்மனி ஈய பேட்டரியில் பயணிகள் ரயில் விட்டது. 1995 வரை ஓடியது. இன்றைய லித்தியம் ரயில் மின்கம்பி உள்ள இடத்தில் சார்ஜ் ஏற்றிக்கொண்டு, இல்லாத இடத்தைக் கடக்கிறது. மூன்றையும் வரிசையாக வைத்து மாணவர்களையே கேளுங்கள்: சக்தி எங்கிருந்து வந்தது, எவ்வளவு எடை சுமந்தது, தீர்ந்தால் என்ன வழி?

கேள்வி: முதல் மின்சார ரயில் 1879-ல் சீமென்ஸ் ஓட்டியதுதானே?

பதில்: ‘முதல்’ என்று எழுதுமுன் எதில் முதல் என்று பாருங்கள். பெர்லின் கண்காட்சியில் சீமென்ஸின் ரயில் மின்சாரத்தைத் தண்டவாளம் வழியாக வாங்கியது. டேவிட்சன் கூடவே சுமந்தார்.

கேள்வி: மின்கம்பி பழைய தொழில்நுட்பம். எதிர்காலம் ஹைட்ரஜன்தான்.

பதில்: 2018-ல் ஜெர்மனியின் லோயர் சாக்சனியில் ஹைட்ரஜன் ரயில் பயணிகளை ஏற்றத் தொடங்கியது. அதே மாநிலம் அடுத்து பேட்டரிக்குத்தான் போனது, செலவு குறைவு. மின்சாரத்தில் ஹைட்ரஜன் செய்து, அழுத்தி, மறுபடி மின்சாரமாக்கினால் மூன்றில் ஒரு பங்கு அளவுதான் மிஞ்சும்.

கேள்வி (அவரே): கம்பியே இல்லாத நெடுந்தூரப் பாதைக்கு?

பதில்: சரி, அங்கே உங்கள் கட்சிக்கு இடம் உண்டு. நாளுக்கு நாலு ரயில் ஓடும் பாதையில் கம்பி போட்டால் கட்டுப்படியாகாது. ஆனால் ‘பழசு’ என்ற வாதம் வேண்டாம். சக்கரமும் தண்டவாளமும்கூடப் பழசுதான். எஃகின் மேல் எஃகு உருளும்போது தடை குறைவு. ரயிலின் சிக்கனமே அதில்தான் இருக்கிறது.

கேள்வி: முதல் பயணிகள் ரயில் எது?

பதில்: மறுபடியுமா! குதிரை இழுத்தது என்றால் 1807, வேல்ஸின் ஸ்வான்சி பக்கம். நீராவியில், நேர அட்டவணையோடு, நகரத்துக்கு நகரம் என்றால் 1830, லிவர்பூல்–மான்செஸ்டர்.

கேள்வி: வகுப்புக்குப் பொம்மை ரயில் எது வாங்கலாம்?

பதில்: பொம்மை சேகரிப்பவர்களைக் கேளுங்கள்.

கேள்வி: முதல் அதிவேக ரயில்?

பதில்: 1964, டோக்கியோ–ஒசாகா, மணிக்கு 210 கிலோமீட்டர். எதில் முதல் என்று இந்தத் தடவை நீங்கள் சொல்லுங்கள்.